பசை வேண்டாத டேங்குகள்

பொம்மைக் கடையின் கீழ்த்தட்டுக்கு முன்னால் அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேல்தட்டை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அங்கேயிருக்கும் டேங்க் பெட்டி ஒன்றின் விலைக்கு இங்கே நான்கு வாங்கலாம்.

“பையனுக்காம்மா?” என்றார் கடைக்காரர்.

“எனக்குத்தான்.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் போட்டி. பழைய போர்களை எட்டடி மேஜையில் பொம்மை டேங்குகளை நிறுத்தி, பகடை உருட்டி, மறுபடி ஆடிப் பார்க்கிறவர்களின் கிளப். முதல் சுற்றில் அவளுக்கு எதிரே உட்காரப்போவது அவளுடைய அண்ணன். சீட்டுக் குலுக்கலில் அவன் பெயர் வந்தபோது அவளுக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்துபோனது.

ஒரு பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். பெட்டி என்னவோ பெரியதுதான், உள்ளே பாதிக்கு மேல் காற்று. திரும்ப வைத்தாள்.

அடுத்த பெட்டியில் படம் பிரமாதம். ஆனால் சக்கரத்தைச் சுற்றிவரும் சங்கிலியை எண்பது துண்டாகக் கொடுத்திருந்தான் புண்ணியவான். ஒவ்வொன்றாக ஒட்டி முடிப்பதற்குள் அடுத்த வருடப் போட்டியே வந்துவிடும். அதையும் வைத்தாள்.

அவளுக்கு வேண்டியது சின்ன டேங்க், வேகமாக ஓடுகிற டேங்க், நிறைய டேங்க்.

பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. நாளெல்லாம் அடுத்தவர் பல்லைத் தேய்த்து, நிறம் கொடுத்து, மினுக்குகிற கை. அந்தக் கைதான் ஒன்பது வருடமாக அண்ணனின் டேங்குகளைச் செய்து கொடுக்கிறது. சேறு, துரு, டேங்கிலிருந்து எட்டிப் பார்க்கும் வீரனின் மீசை, எல்லாம் அவள் தீட்டியது. அவன் அவற்றைத் தொடுவதே ஆட்ட மேஜையில்தான்.

போன வருடம் முதல்முறையாக அவளும் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். அண்ணனுடைய டேங்குகளுக்கு வர்ணம் அடித்து முடிக்கவே மூன்று வாரம் ஓடிவிட்டது. தன்னுடைய இரண்டையும் கடைசி நாளில் அவசர அவசரமாக ஒட்டினாள். இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எல்லாரும் வாழ்க்கையில் ஒரு முறையாவது செய்கிற தப்பு அப்போது நடந்தது. பசை வழிந்து, டேங்கின் தலையில் சுழலும் பீரங்கிக் கூண்டுக்கு அடியில் இறங்கி, கல்லாகிவிட்டது.

கிளப்பில் ஒரு விதி உண்டு. பொம்மை எப்படியோ, ஆட்டமும் அப்படி. கூண்டு கையால் திருப்பினால் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த டேங்க் நேர் எதிரே மட்டும்தான் சுடலாம். விதியை எழுதி ஒட்டியவனே அண்ணன்தான்.

அவன் அவளுடைய டேங்கைத் தூக்கிப் பிடித்து, எல்லார் முன்னாலும் முறுக்கிப் பார்த்தான்.

“பாவம், தங்கச்சி டேங்குக்குக் கழுத்து சுளுக்கிடுச்சுப்பா!”

கூடமே சிரித்தது. கடைசி வரிசையில் அண்ணியும் சிரித்தாள். அப்புறம் அவன் நிதானமாகச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து இரண்டையும் சுட்டான். அன்றைக்கு அவள் பல்லைக் கடித்த கடியில் எந்தப் பல் செட்டும் உடைந்திருக்கும்.

அதோடு விட்டானா? மிக அழகாகத் தீட்டிய படை என்று அவனுக்கே கோப்பையும் கொடுத்தார்கள். மேடையேறி, “எல்லாம் நம்ம கைவேலைதான்” என்றான். அவளும் கைதட்டினாள். அந்தக் கைதட்டலைத்தான் அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அவனைத் தோற்கடித்தால் மட்டும் போதாது. அதே கூடத்தில், அதே ஆட்கள் பார்க்க, அந்த முகம் சுருங்க வேண்டும்.

மூலையில் ஒரு சின்னப் பெட்டி அகப்பட்டது. ஒன்றில் இரண்டு டேங்க். சங்கிலி ஒரே துண்டு. அமுக்கினால் டக்கென்று பொருந்திவிடும், பசை வேண்டாம். நான்கு பெட்டிகளை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. “இது ஓடும்மா, ஆனா அடி தாங்காது. எதிராளி பெரிய டேங்கா வெச்சிருந்தா, நீங்க பின்னாடி போறதுக்குள்ள கூண்டைத் திருப்பித் திருப்பியே எல்லாத்தையும் காலி பண்ணிடுவாரு.”

எதிராளி வைத்திருப்பது பெரிய டேங்க்தான். ஆறு. முன்பக்கத் தகட்டை எதுவும் துளைக்காது. பின்பக்கம் மட்டும் மெல்லிசு.

அவள் திரும்பிப் போய் ஐந்தாவது பெட்டியையும் எடுத்துவந்தாள்.

கைப்பேசி அடித்தது. அண்ணன். நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது.

“ஏய், என் டேங்குக்கெல்லாம் டச்சப் முடிச்சிட்டியா? சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்.”

“முடிஞ்சிடுச்சுண்ணா. ஒரே ஒரு சின்ன வேல பாக்கி. வா, தரேன்.”

குரலில் அப்படியொரு பாசம். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கல்லாவுக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்கிய பசை பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்து, தண்ணீர் போல ஓடுகிற பசையாக ஒன்றை எடுத்துப் பெட்டிகளின் மேல் வைத்தாள்.

கடைக்காரர் சிரித்தார். “இதுக்குப் பசையே வேண்டாம்மா. சும்மா அமுக்கினாலே போதும்.”

“தெரியும்” என்றாள் அவள். “இதுல சின்ன பாட்டில் இருக்கா? எனக்கு ஆறு சொட்டு போதும்.”