லீவும் லேட்டும்

"யார் லீவு போட்டா டெலிவரி லேட்டாகுதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார் தோர்கெல். ஸ்வீடனின் ஓரெப்ரூ நகரில் ஜன்னல் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் டெலிவரி மேலாளர் அவர்.

கம்பெனியின் டேட்டாவையெல்லாம் ரிப்போர்ட்டாக்கித் தருவது இல்வாவின் வேலை.

"லீவு டேபிள் தனியா இருக்கு, டெலிவரி டேபிள் தனியா இருக்கு. நேரா இணைச்சா கணக்கு தப்பா வரும், தோர்கெல். நடுவுல தேதிவாரியா ஒரு காலண்டர் டேபிள் வைக்கணும்."

"தரகர் யாரா இருந்தா எனக்கென்ன? சம்பந்தம் முடிஞ்சா சரி. ஒருத்தரையும் விட்டுடாதே. இங்க எல்லாரும் சமம்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான்."

காபி நேரத்துக்குள் விஷயம் பரவிவிட்டது. இல்வா வந்து உட்கார்ந்ததும் மேஜையில் பேச்சு நின்றது.

"போன மாசம் குழந்தைக்குக் காய்ச்சல்னு வீட்ல இருந்தேனே, அதுவும் வருமா?" என்றான் கிடங்கில் வேலை பார்க்கும் ரூனே.

"வரும்."

"நல்லா இரு. உனக்கு ஒரு பதவி உயர்வு நிச்சயம்." கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனான். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள்.

இல்வா தனியாக உட்கார்ந்து காபியைக் குடித்து முடித்தாள். ஆனாலும் சாயங்காலத்துக்குள் டேபிள்களை இணைத்து முடித்தாள். வந்த முடிவை நம்ப முடியாமல், மறுபடி சரிபார்த்தாள்.

திங்கட்கிழமை நடந்த ஊழியர் கூட்டத்துக்கு நிர்வாக இயக்குநர் குன்வோரும் வந்திருந்தார்.

"இன்னைக்கு யாரோ மாட்டப்போறாங்க" என்று திரையைப் போட்டார் தோர்கெல்.

ரூனே லீவிலிருந்த நாட்களில் தாமதம் கூடவில்லை. அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர், எல்லாம் அப்படியே.

"அப்போ லீவுக்கும் டெலிவரிக்கும் சம்பந்தமே இல்லையா?" குன்வோர் கேட்டார்.

"ஒருத்தர் லீவுக்கு மட்டும் இருக்கு" என்றாள் இல்வா. "ஆனா அது தலைகீழா இருக்கு. அவர் லீவுல இருந்த வாரமெல்லாம் ஒரு ஜன்னல்கூட லேட்டாப் போகல."

பட்டியலின் கடைசியில் இருந்த பெயர் தோர்கெல்.

ரூனே தன் நாற்காலியை இல்வா பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

தோர்கெல் திரையை அணைத்தார். குரல் நெகிழ்ந்திருந்தது.

"லீவுங்கறது ஒருத்தரோட சொந்த விஷயம், இல்வா. அதைப் போய் இப்படி நோண்டறது மனுஷத்தன்மையே இல்ல."