கை பட்டுச் சிவந்த தண்ணீர்

பெகிமை கையை வைத்ததுதான் தாமதம், கிண்ணத்துத் தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது.

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சட்டென்று பின்னுக்கு நகர்ந்தார்கள். அவளுக்கு முன்னால் அதே தண்ணீரில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கை வைத்துப் பார்த்தாயிற்று. அப்போதெல்லாம் அது தெளிவாகத்தான் இருந்தது.

"நான் சொல்ல வேண்டியதில்ல, தண்ணியே சொல்லிடுச்சு." குறிசொல்லி இமான்குல் தாடியை நீவிக்கொண்டார். "கேடு இவ கையில இருக்கு. இவ வெளிய போனாத்தான் மிச்சம் மீதியாவது பிழைக்கும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் அடிமேல் அடி. மாமனார் போய்ச் சேர்ந்தார். பனியில் குதிரைகள் செத்தன. பெகிமையின் வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை. எல்லாம் மருமகள் கொண்டுவந்த பீடை என்று அத்-பாஷி ஊர் முழுக்க முணுமுணுப்பு.

குறிசொல்லியை வரவழைத்தது மாமியார் சைராதான் என்பதில் பெகிமைக்குச் சந்தேகமே இல்லை. வந்தவருக்கு ரொட்டி பிட்டு வைக்கக்கூட மறந்து, சைரா மூலையில் கல்லாக உட்கார்ந்திருந்தார். மருமகள் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.

அருகில் ஆறுதலாக நின்றது கணவன் குபாத் மட்டும்தான். தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டுகிறவன். வீட்டுப் பக்கம் அதிகம் வராதவன், இன்றைக்கு வந்திருந்தான். அவள் கை கழுவிவிட்டு வந்தபோது துண்டை நீட்டியவனும் அவன்தான்.

"மூட்டையைக் கட்டும்மா, அழுது பிரயோஜனமில்ல" என்றார் இமான்குல்.

பெகிமை அழவில்லை. தண்ணீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ரத்தச் சிவப்பு இல்லை. ஊதா கலந்த ரோஜா நிறம். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அவளே கண்ணாடிக் குடுவையில் வரவழைத்துக் காட்டுகிற நிறம்.

எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து வினிகர் பாட்டிலை எடுத்துவந்தாள். கிண்ணத்தில் கொஞ்சம் சரித்தாள். சிவப்பு போன இடம் தெரியவில்லை.

"ஊறுகாய்க்கு ஊத்துறதுக்கே பயந்து ஓடுதே பெரியவரே, இது என்ன கேடு?"

இமான்குல் முதலில் தன் சீசாவிலிருந்து தண்ணீரில் சில சொட்டு விட்டதை எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினாள். அது பினாப்தலீன் என்றாள். வெறும் தண்ணீரில் நிறம் காட்டாது. காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் வெளுக்கும். எண்ணெய்ப் பாத்திரம் தேய்க்கிற சோடாத்தூள் ஒரு சிட்டிகை போதும்.

"அந்தக் காலத்துல இதையே மாத்திரையாக்கி மலச்சிக்கலுக்கு முழுங்குவாங்க. பேய் வெளிய வருமான்னு தெரியாது. மத்தது வரும்."

யாரோ ஒருத்தி தலைத்துணிக்குள் சிரித்தாள். இமான்குல்லின் முகம் கறுத்தது.

"படிச்ச திமிரு. சரி, இத்தன பேர் கை வச்சாங்களே, உன் கைக்கு மட்டும் ஏன் சிவந்துச்சு?"

பெகிமை யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சோடாவைத் தொடவே இல்லை. இங்கே வருவதற்குமுன் நல்ல தண்ணீரில் கையை அலசினாள், துடைத்தாள், அவ்வளவுதான்.

துடைத்தாள்.

துண்டு குபாத்தின் தோளில் கிடந்தது. அதை இழுத்து உதறினாள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

கிண்ணத்தைக் கழுவிப் புதுத் தண்ணீர் கொண்டுவந்தாள். இமான்குல்லின் சீசாவை வாங்கி அவளே சொட்டு விட்டாள். கையை இன்னொரு முறை நன்றாக அலசி, பாவாடையில் துடைத்து, தண்ணீருக்குள் வைத்தாள். நிறம் மாறவில்லை. பிறகு துண்டைக் கணவனிடம் நீட்டினாள்.

"இதுல துடைச்சுட்டு நீங்க வைங்க."

"எனக்கெதுக்கு?"

"வைங்க. வெறும் தண்ணிதானே."

குபாத் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

மூலையிலிருந்து சைரா எழுந்து வந்தார். மருமகள் கையிலிருந்த துண்டை வாங்கி, விரல் விரலாக நிதானமாகத் துடைத்துக் கிண்ணத்தில் கையை இறக்கினார். தண்ணீர் சிவந்தது. அவர் கையில் கேடு இருக்கிறது என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. இமான்குல் தன் கோட்டைத் தேட ஆரம்பித்தார்.

"இந்த ஆளை நீ வேன்ல கொண்டாந்து இறக்குனப்பவே கேட்டிருக்கணும்" என்றார் சைரா மகனிடம். "பிஷ்கெக்ல யாருடா அவ?"

குபாத் முதலில் மழுப்பினான். அம்மா கண்ணை எடுக்காமல் நிற்கவே, துண்டு துண்டாக எல்லாம் வெளியே வந்தது. பிஷ்கெக்கில் இன்னொருத்தி இருக்கிறாள். அவனாக மனைவியைத் தள்ளிவைத்தால் ஊர்ப் பெரியவர்கள் அவனைத்தான் நிறுத்திக் கேட்பார்கள். தண்ணீர் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

பெகிமை கணவனை நேராகப் பார்த்தாள்.

"என்னை யாரும் அனுப்ப வேண்டாம், நானே போறேன். ஆனா கேடுன்னு பேர் வாங்கிட்டுப் போக மாட்டேன். நடந்ததை இவங்க எல்லாரும் ஊருக்குள்ள போய்ச் சொல்லணும்."

சொல்லிவிட்டுச் சுவர் ஆணியிலிருந்து தன் கோட்டை எடுத்தாள்.

சைரா அதை அவள் கையிலிருந்து பிடுங்கி, எடுத்த ஆணியிலேயே திரும்ப மாட்டினார். பக்கத்து ஆணியில் இருந்த மகனின் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"நீ கிளம்புடா."