தட்டைத் திருப்பாதவர்

"இதுலயா தினமும் சாப்பிடறீங்க?"

பழம்பொருள் கடைக்காரர் பாதி கவலையும் பாதி அதிகாரமுமாகக் கேட்டார். இன்றைக்கு அவர் கடைக்காரர் இல்லை. பழைய பாத்திரங்களில் விஷம் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வந்த அதிகாரி. வெள்ளைக் கோட்டு, பல் டாக்டரான மச்சானுடையது. கையிலிருந்த கருவி, கடையில் பில் போடும்போது விலைக்கோடுகளைப் படிப்பது. பிஸ்கட் பாக்கெட்டின் கோடுகளை வெட்டி இடது உள்ளங்கையில் ஒட்டியிருந்தார். அதன்மேல் காட்டினால் போதும், கருவி கத்தும்.

கண்ணாடி அலமாரியில் அந்தக் காலத்து ஆரஞ்சுப் பீங்கான் தட்டுகள், ஒன்றுகூடக் குறையாமல். ஜன்னல் வழியே பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. வாங்க ஆள் தயார். செட் கிடைத்தால் கடை பிழைக்கும். இல்லையென்றால் மச்சானிடம் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

பீப்.

"காரீயம்," என்றார்.

பீப், பீப்.

"காட்மியமும் இருக்கு. ஆரஞ்சு நிறமே அதால வந்ததுதாம்மா."

"அத்தை, கேட்டீங்களா?" மருமகள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"என் கல்யாணத்துக்கு வந்ததுடி," என்ற மாமியார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

கடைக்காரருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கை அரித்தது. எந்தத் தட்டைப் பார்த்தாலும் திருப்பி, அடியில் யார் முத்திரை என்று பார்ப்பது அவர் தொழிலில் ஊறிப்போன பழக்கம். அதிகாரி எவனும் அப்படித் திருப்ப மாட்டான். திருப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு அடக்கினார்.

"அடியில பார்க்க வேண்டாமா சார்?" என்றாள் மருமகள்.

"தேவையே இல்லம்மா. மெஷின் சொன்னா சொன்னதுதான். பழைய பொம்மை ஏதாவது?"

"சக்கரம் வெச்ச மஞ்சள் வாத்து. எங்க குட்டி அதோட மூக்கைக் கடிச்சுக்கிட்டே இருப்பா."

பீப்.

"குடுத்துடுங்க."

"தகரக் குதிரை?"

"அதையும்தான்."

கைக்குட்டைக்குள்ளிருந்து மாமியார் கேட்டார்: "இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க தம்பி?"

"பத்திரமா ஒழிச்சுடுவோம். அது முழுக்க எங்க பொறுப்பு."

"உங்க பொறுப்பா? நிச்சயமா?"

"நிச்சயமா."

"நீங்க தொடாதீங்க சார்." மருமகள் மேசை இழுப்பறையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, தட்டுகளைப் பழைய பேப்பரில் மளமளவென்று சுற்றினாள். மாமியாரே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார். துக்கத்தில் இருப்பவர் இத்தனை வேகமாக நடந்து கடைக்காரர் பார்த்ததில்லை.

வேனில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அவரால் பொறுக்க முடியவில்லை. மேலாக இருந்த தட்டைப் பிரித்தார், ஆசை தீரத் திருப்பினார்.

முத்திரையை மறைத்துக்கொண்டு ஒரு சிவப்புச் சீட்டு: 'காரீயம், காட்மியம் மிக அதிகம். உணவுக்கு உதவாது. விற்கத் தடை.'

நகத்தால் சுரண்டினார். அசையவில்லை. அடுத்த தட்டிலும் அதே சீட்டு. வாத்தின் வயிற்றிலும்.

ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

"பிய்ச்சா வராது சார்," என்றாள் மருமகள். "போன வாரம் வந்த நிஜ ஆபீசரம்மா ஒட்டினது. குப்பை வண்டிக்காரர் தொடவே மாட்டேன்னுட்டார். ஊருக்கு வெளியில தனிக் கிடங்கு இருக்காம், நாங்களே கொண்டுபோய்க் குடுக்கணுமாம். வண்டிக்கு எங்கே போறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தோம்."

மாமியார் கைக்குட்டையை எடுத்தார். கண்ணெல்லாம் ஈரம்தான், அத்தனையும் சிரிப்பை அடக்கியதில் வந்தது.

"நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க தம்பி. கிடங்குல குடுத்தீங்களான்னு நாளைக்கு உங்க கடைக்கே வந்து கேட்டுக்கறோம். அதான் வேன் கதவுலயே பேரும் விலாசமும் எழுதியிருக்கே."