மீதி பதினாறு

"மொத்தத்தையும் ஒரே தடவையில ஊத்திட்டா வேலை சீக்கிரம் முடியுமே. எதுக்கு ரெண்டா பிரிக்கணும்?"

மருந்தைப் பிரித்தெடுக்கும் தன் பழைய வேலையை விவரித்தபோது எதிரே இருந்த பெண் இப்படிக் கேட்டதும் இசோபேவுக்குத் தெம்பு வந்துவிட்டது. இந்தக் கேள்வி வர வேண்டும் என்றுதான் தோயாமா நகருக்கு வரும் ரயிலில் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தான். வேலை பார்த்த மருந்துத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இந்த நேர்காணலையும் கோட்டை விடுவதாக இல்லை.

அவன் ஹோட்டல் காபி அறைக்குள் நுழைந்ததுமே, "இசோபே சான்தானே?" என்று மரியாதையாக எழுந்து குனிந்து வணங்கினாள். பெயர் மினேகோ என்றாள். "போட்டோவுல கொஞ்சம் வேற மாதிரி இருந்தீங்க" என்றாள். விண்ணப்பத்தில் ஒட்டிய படம் பழையது. அவன் சிரித்து மழுப்பினான்.

"தண்ணியில மருந்து கரைஞ்சிருக்கு. தண்ணியோட ஒட்டாத ஒரு கரைப்பானை ஊத்திக் குலுக்கினா, மருந்து அதுக்குத் தாவிடும். தண்ணியைவிட கரைப்பான்ல மூணு மடங்கு கரையும்னு வெச்சுக்கோங்க. நூறு மில்லி தண்ணிக்கு நூறு மில்லி கரைப்பானை ஒரே தடவையில ஊத்தினா, எழுபத்தஞ்சு சதவீதம் மருந்து கிடைக்கும்."

"அம்பது அம்பதா ஊத்தினா?"

"முதல் அம்பதுல அறுபது வந்துடும். மிச்சம் நாப்பது. அதுலயும் அறுபது சதவீதம்னா இருபத்துநாலு..."

"மொத்தம் எண்பத்துநாலு." அவள் முந்திக்கொண்டாள்.

"அதே கரைப்பான்தான், ஆனா ஒன்பது கூட. எங்க பழைய மேனேஜர் ஒரே தடவைன்னு அடம்பிடிப்பாரு. நல்ல மருந்தெல்லாம் சாக்கடைக்குத்தான் போச்சு."

"மீதி பதினாறு?"

"திரும்பத் திரும்பக் குலுக்கினா வந்துகிட்டே இருக்கும். முழுசா நூறு மட்டும் வராது. வரும்னு சொல்றவனை நம்பாதீங்க."

மினேகோ வாய்விட்டுச் சிரித்தாள். "இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாருமே தாங்கள் நூறு சதவீதம்னுதான் சொன்னாங்க."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். போட்டியில் முந்திவிட்டோம் என்று புரிந்தது.

"குடிப்பீங்களா?"

"புத்தாண்டுக்குக் கொஞ்சம் சாக்கே மது, அவ்வளவுதான்."

"இந்த ஊர்லயே இருந்துடுவீங்களா? பனி கொட்டும்."

"நல்லா அள்ளுவேன்."

குடியிருப்பு வசதியும் உண்டுபோல என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எனக்குச் சம்மதம்."

"ரொம்ப நன்றி. எப்போலேருந்து வரலாம்?"

மினேகோவின் காது சிவந்தது. "இவ்வளவு அவசரமா? முதல்ல எங்க அப்பாவைப் பாருங்க."

அப்பாதான் முதலாளிபோல. "நாளைக்கே பாக்கறேன்" என்றான் இசோபே.

அந்த நேரம் தூணுக்கு அந்தப் பக்கம், மருந்துக் கம்பெனி மேலாளர் ஒருவர் தன் எதிரே இருந்த இன்னொரு இசோபேவிடம் எரிச்சலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "வேலை கேட்டு வர்றவன் கையில பூங்கொத்தோட, அம்மாவையும் கூட்டிட்டா வருவான்?"