ஆறாம் எண்

வாடிக்கையாளர்களின் மென்பொருள்கள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் ‘லைப்ரரி’ என்ற நிரல் தொகுப்பு ஒன்றைப் பூங்கோதை பதினோரு வருடமாகப் பராமரித்து வந்தாள். அதன் அடையாள எண் ஆறு. அந்த ஆறு கண்ணில் பட்டால்தான் அந்த மென்பொருள்கள் இயங்கும். லைப்ரரியை உருவாக்கித் தரும் பில்டு டூலைக் கம்பெனி மாற்றியதும், பழைய கணக்குத் தெரியாத புது டூல் ஒன்பது என்று போட்டுவிட்டது. சோதனையில் ஒரு மென்பொருள்கூட எழுந்திருக்கவில்லை.

“உள்ள எதை வேணா மாத்துங்க. வெளிய இருக்கறவனுக்கு நம்பர் மட்டும் மாறக்கூடாது,” என்றார் மேனேஜர் ஜெரால்டு.

மூன்று வாரம் மல்லுக்கட்டி ஆறை ஆறாகவே நிறுத்தினாள். வாடிக்கையாளர் ஒருவருக்கும் மாற்றம் தெரியவில்லை. கேக் வெட்டிக் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை அவள் அடையாள அட்டைக்கு ஆபீஸ் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஜெரால்டு பூங்கோதையின் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வெளியே கொண்டுவந்தார்.

“கிளையன்ட் யாருக்கும் தெரிய வேணாம்னு உங்க பேரு, நம்பர், மெயில் எல்லாம் அப்படியே வச்சிருக்கோம். நீங்க செஞ்ச மாதிரிதான்.”

பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பூங்கோதை தன் மேசை எண்ணுக்குப் போன் செய்தாள். உள்ளே இருந்தவள் ரிசீவரை எடுத்து, கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“பூங்கோதை பேசறேன். நீங்க யாரு?”