ஒழுகாத டாப்பு

சாக்கு ஊசி மூன்றாவது முறையாகக் கட்டைவிரலில் ஏறியதும் அரங்கநாதன் போட்ட கூச்சலில், சமையலறையிலிருந்த தையல்நாயகி கரண்டியோடு ஓடிவந்தாள். மனிதர் முக்காலி மேல் ஏறி நின்று, தன் ஆட்டோவின் கிழிந்த டாப்பைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க. இன்னிக்கி இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க?"

"பாத்தா தெரீல? பேருலயே தையல வெச்சிக்கினு, ஒரு நூலு கோத்துத் தர மாட்டேங்குற."

"மூக்குக் கண்ணாடி மேல உக்காந்து ஒடச்சது நானா? குஷன் கடையில வுட்டா ஒரு மணி நேரத்துல தச்சிக் குடுத்துடுவான்."

"அவன் தச்சா அடுத்த மழைக்கே பிரிஞ்சிக்கும். நான் தச்சா ஆயுசுக்கும் நிக்கும்."

போன மாதம் மிக்சியையும் இப்படித்தான் அவரே ரிப்பேர் செய்தார். அது இப்போது பரணில் இருக்கிறது.

மகள் இளவரசிக்கு மூன்று வருடமாக வரன் பார்த்துப் பார்த்து வீடே அலுத்துப் போயிருந்தது. ஜாதகம் பொருந்தி, பையனுக்குச் சென்னையில் கம்பெனி வேலையும் இருந்து, வீடு தேடி வருகிற முதல் இடம் இதுதான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோலியனூருக்கு மாப்பிள்ளையை என் ஆட்டோவில்தான் அழைத்து வருவேன் என்று அரங்கநாதன் ஒற்றைக்காலில் நின்றார். தரகர் சின்னதுரை போனில் காட்டிய மாப்பிள்ளை போட்டோவை, கண்ணாடி இல்லாமலே எட்டப் பிடித்துப் பார்த்து, "ஜம்முனு இருக்காரு" என்றும் சொல்லிவிட்டார். அந்தப் போட்டோவை இளவரசி தன் போனுக்கு வாங்கி வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள தலையில ஒரு சொட்டு வுழட்டும், அப்புறம் இருக்குது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் தையல்நாயகி.

அரங்கநாதன், தைத்த இடத்தின் மேல் சைக்கிள் ட்யூப்பை வெட்டி சொல்யூஷன் தடவி ஒட்டினார். உள்பக்கம் ஒட்டுவதற்கு, போன வாரம் திண்டிவனம் சவாரி போனபோது கல்யாண மண்டபத்து வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கிவந்த பழைய பிளெக்ஸ் பேனர் இருந்தது. அதில் தேவையான துண்டை பிளேடால் அறுத்து, பசை நன்றாகப் பிடிக்கட்டும் என்று வெள்ளைப் பக்கத்தில் தடவி ஒட்டினார். மேலே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. சொல்யூஷன் நாற்றத்துக்குப் பயந்து வீட்டில் யாரும் ஆட்டோ பக்கமே வரவில்லை.

மறுநாள் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அரங்கநாதனுக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை, அவருடைய சித்தப்பா, தரகர் மூவரையும் குடை பிடித்துக் கூட்டிவந்து பின்சீட்டில் ஏற்றினார்.

"நல்லா சாஞ்சி உக்காருங்க. ஒரு சொட்டு வுழாது. மேல பாருங்க, எல்லாம் என் கைவேலதான்!"

மூவரும் மேலே பார்த்தார்கள். வண்டியின் முன்கண்ணாடியில் பார்த்தால், மாப்பிள்ளை கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தரகருக்குத் திடீரென்று இருமல் பிடித்துக்கொண்டது.

"வாசன தூக்கலா இருக்குதுங்களா? சொல்யூஷன். ரெண்டு நாள்ல போய்டும்."

"இத எங்க புடிச்சீங்க?" என்றார் சித்தப்பா, மெல்லிய குரலில்.

"திண்டிவனத்துலங்க. அங்க இன்னும் கெடக்குது. வேணும்னா உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தர்றேன்."

பாதி வழியில் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தச் சொன்னார். கம்பெனியிலிருந்து அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்றார். போன் அடித்த மாதிரியே தெரியவில்லை. கொட்டுகிற மழையில் மூவரும் இறங்கி ஓடி, எதிரே விழுப்புரம் போகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்கள்.

காலி ஆட்டோவைப் பார்த்ததும் தையல்நாயகி கேசரித் தட்டோடு வாசலுக்கு ஓடிவந்தாள். "ஒழுகிச்சா?"

"சத்தியமா ஒரு சொட்டு ஒழுகலடி. நாத்தம் தாங்காம எறங்கிட்டாங்க போலக்குது."

"அப்பவே தலபாடா அடிச்சிக்கினேனே! உங்க கைவேலைக்கு என் பொண்ணு வாழ்க்கதான் கெடச்சிதா?" கேசரித் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.

அரங்கநாதன் ஊசி குத்திய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கையாலாகாத கஞ்சன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பட்டுப்புடவையில் நின்ற இளவரசி மழையில் நனைந்துகொண்டே போய் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். தனியாக அழட்டும் என்று பெற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் போனில் இருந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"நாளைக்கே குஷன் கடையில வுட்டு அத்தினியும் பிச்சிப் போட்டுர்றேன் தாயி" என்றார் அரங்கநாதன்.

ஆட்டோவுக்குள்ளிருந்து இளவரசி தலையை நீட்டினாள்.

"பிச்சிடாதப்பா. உள்ள நீ ஒட்டுன பிளெக்ஸ்ல ஒரு பொண்ணு பக்கத்துல மாலையும் கழுத்துமா நிக்கிறது, இன்னிக்கி வந்த மாப்ளதான்!"