டிபன் பாக்ஸ் பெடல்

சத்தமே வரல.

சோனியா காலைத் தூக்கி இன்னொரு தடவ ஓங்கி மிதிச்சுப் பாத்தா. ம்ஹும்!

எங்க நந்திதுர்க் ஏரியா பிள்ளையார் பந்தல்ல கால் வைக்க எடமில்ல, அவ்ளோ ஜனம். மேடையில எங்க ஆர்கெஸ்ட்ரா. முதல் ஐட்டமே சோனியாவோட கிட்டார்தான். மாசக்கணக்கா நச்சரிச்சு வாங்கின சான்ஸு. அதுல போய் இப்படி!

"இன்னாம்மா இது?" எங்க மாஸ்டர் சௌந்தரராஜன் பல்லைக் கடிச்சார்.

"பெடல்ல ஏதோ கோளாறு சார். கொஞ்சம் டைம் குடுங்க."

பெடல்னா, கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல வைக்கிற பெட்டி. மிதிச்சா கிட்டார் புலி மாதிரி உறுமும். இவளோடது கடையில வாங்கினது இல்ல. அவங்கப்பா பெங்களூரு வேலைக்கு ரயில்ல எடுத்துக்கினு போன பழைய அலுமினிய டிபன் பாக்ஸைக் கவுத்துப் போட்டு, ஓட்டை போட்டு, உள்ள ஒயரையும் பார்ட்ஸையும் வச்சு, அவளே ஈயத்தால பத்த வச்சது.

"டிபன் பாக்ஸைக் கொண்டாந்தா சோறுதான் வரும், சத்தமா வரும்?" மாஸ்டர் எகிறினார். "பெட்டியும் வேணாம், நீயும் வேணாம். கிட்டாரை அனில்கிட்ட குடு. நேரா ஸ்பீக்கர்ல சொருகி, வழக்கமான பாட்டை அவன் வாசிச்சுடுவான்."

சோனியா மூஞ்சி செத்துப்போச்சு. கிட்டாரைக் கழட்டாம கெட்டியா புடிச்சுக்கினா.

அனில், மாஸ்டருக்கு அக்கா பையன். போன வருஷம் வரைக்கும் முதல் ஐட்டம் அவனோடதுதான்.

"டேய் அனிலு! எங்கடா போய்த் தொலைஞ்ச?"

வேன் பக்கத்துலேர்ந்து அனில் மெதுவா வந்து, இடது கையைத் தூக்கிக் காட்டினான். நடு விரல்ல பிளாஸ்டர்.

"இப்பத்தான் மாமா, வேன் கதவுல நசுங்கிடுச்சு. கம்பியை அழுத்த முடியாது."

எனக்கு வந்துச்சு பாரு கோவம்! நான் டிரம்ஸ் பேட் வாசிக்கிறவன், எல்லாத்தையும் பக்கத்துலயே நின்னு பாத்துக்கினு இருக்கேன். நசுங்கறதுக்கு வேற நேரமே கெடைக்கலயா இவனுக்கு? தனக்கில்லாத மேடை எவனுக்கும் இருக்கக் கூடாதுன்னு நெனப்பு. மொத்த ப்ரோக்ராமும் நாறட்டும்னு நிக்கிறான்.

"நல்ல மனசுடா ஒனக்கு!"ன்னு அவன் காதுபடவே சொன்னேன்.

மாஸ்டருக்கு வேற வழி? ஓடிப்போய் விழாக் கமிட்டித் தலைவர் கையில மைக்கைக் குடுத்தார். "ஸ்வல்ப, கொஞ்ச நேரம் பேசுங்க சார்."

அவருக்குச் சொல்லணுமா? கன்னடத்துல ஆரம்பிச்சு, தமிழ்ல பூந்து, தெலுங்குல போயிக்கினே இருந்தார்.

சோனியா உக்காந்துட்டா. ஒயரை மாத்தினா. இல்ல. பேட்டரியைக் கழட்டி நாக்குல வச்சுப் பாத்தா, சுர்ருன்னுது. பேட்டரி சரி. கிட்டாரை நேரா சொருகினா சத்தம் வருது, ஆனா கொசு கத்தற மாதிரி. அந்த ஐட்டத்தை இதுல வாசிச்சா ஜனம் எழுந்து போயிடும்.

கடைசியா டிபன் பாக்ஸைத் திருப்பி, மூடியைக் கழட்டிட்டு, கிட்டார் கம்பியைத் தட்டினா.

க்ர்ர்ர்ர்ர்!

தலைவரே பேச்சை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தார்.

"வந்துடுச்சு!"ன்னு நான் கத்தறேன். அவ மூடியைப் போட்டா. மறுபடியும் ஊமை.

"அண்ணா, தெரிஞ்சுபோச்சு! பத்த வச்ச முனை மூடியில இடிக்குது. அலுமினியம் இல்ல? ஷார்ட் ஆவுது. வீட்டுல மூடி போடாமயே வாசிச்சேன். மேடைக்கு அழகா இருக்கட்டும்னு இன்னைக்குத்தான் மூடினேன்."

"அப்போ தெறந்தே வையேன்."

"மிதிக்கிற மிதியில ஒயரெல்லாம் பிச்சுக்கும்ணா. டேப் ஒட்டினாப் போதும். டேப் இருக்கா?"

மைக் செட்காரனைக் கேட்டா, சீரியல் லைட் கட்டியே டேப் தீந்துபோச்சாம். பேப்பர் வச்சுப் பாத்தோம், நகந்துடுச்சு. அங்க தலைவர் வேற "கடைசியாக ஒன்று"ன்னு சொல்லிட்டார். சோனியாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அப்பத்தான் அனில் வந்தான். விரல்ல இருந்த பிளாஸ்டரைச் சரக்குனு உரிச்சு அவகிட்ட நீட்டினான்.

"இந்தா, இது ஒட்டும்."

குடுத்துட்டுக் கையை பாக்கெட்டுல விட்டுக்கினு ஒதுங்கிட்டான்.

அவ மூடியோட உள்பக்கம் அதை ஒட்டி, அழுத்தி மூடினா. எழுந்தா. மிதிச்சா.

அய்யோ, அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்றது! பந்தல் தகரமெல்லாம் கூட அதிருது. புள்ளைங்க எழுந்து ஆடுதுங்க. லுங்கியை மடிச்சுக் கட்டிக்கினு பெருசுங்க விசிலடிக்குதுங்க. சோனியா கண்ணை மூடிக்கினு வாசிக்கிறா, எனக்குப் பேட் மேல கையே நிக்கல. முடிச்சதும் "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"னு ஒரே கூச்சல். திரும்ப வாசிச்சா. அதுக்கும் "ஒன்ஸ் மோர்!"

மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்லு. "இனிமே முதல் ஐட்டம் நீதாம்மா. டிபன் பாக்ஸை வீட்டுல மறந்து வச்சிட்டு வந்துடாத!"

அப்புறம்தான் அக்கா பையன் ஞாபகம் வந்துச்சு. "டேய், பச்சைக் காயத்தைத் தெறந்து விட்டுக்கினு நிக்கிறியே, கொண்டா இங்க"ன்னு பாக்கெட்டுலேர்ந்து அவன் கையைப் புடுங்கினார்.

அஞ்சு விரலும் நல்லா இருக்கு. ஒரு கீறல் இல்ல.

"காயம் எங்கடா?"

அனில் தலையைச் சொறிஞ்சான்.

"நான் கிட்டாரை வாங்கியிருந்தா, இன்னொரு தடவ அவளை மேடை ஏத்தியிருப்பீங்களா மாமா?"